கொழும்பிலே குடியிருக்க இடம் தேடிய கதை

மனிதன் ஓர் ஊரை விட்டு வேறோர் ஊருக்குக் குடிபெயரும்பொழுது அவன் முன்னே எழுகின்ற முதல் வினா, "எங்கே தொழில்?" என்பது. அடுத்து எழுவது, "எங்கே வீடு?" என்பது. முதல் வினாவைப் பற்றி வரலாற்று நூல்கள் நிறையப் பேசுகின்றன. இரண்டாவது வினாவுக்கு மக்கள் எவ்வாறு விடை கண்டார்கள் என்பதை அவை பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஆயின், ஒரு நகரத்தின் சரித்திரத்திலே பெரும்பகுதி அந்த இரண்டாவது விடையிலேதான் அடங்கிக் கிடக்கின்றது. நம் நாட்டின் பெருநகராகிய கொழும்புக்கு வந்து சேர்ந்த தமிழ் மக்கள் எந்தெந்தப் பகுதியைத் தெரிந்தெடுத்தார்கள், ஏன் தெரிந்தெடுத்தார்கள், அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பு மிகப் பழைய துறைமுகம். 14 ஆம் நூற்றாண்டிலே இலங்கைக்கு வந்த அராபிய யாத்திரிகர் இபின் பதூதா இதனைக் கண்டு குறித்திருக்கிறார். 1518 இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். 1656 இல் அது ஒல்லாந்தர் கைக்கும், 1796 இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. கோட்டைக்குள்ளே ஆட்சியாளர் இருந்தனர். கோட்டைக்கு வெளியே வணிகர் இருந்தனர். அவ்வெளிப்புறமே இன்று நாம் புறக்கோட்டை என வழங்கும் பகுதி. ஆங்கிலத்திலே அதற்கு வழங்கும் "பெட்டா" என்னும் பெயரும் நமது "பேட்டை" என்னும் சொல்லின் திரிபே. அதற்குத் தெற்கே, ஏரிக்கரையிலே, ஒல்லாந்தர் தம் அடிமைகளை வைத்திருந்த இடம் கொம்பனித்தெரு. பின்னர் ஆங்கிலப் படையிலே சேவித்த மலாய் வீரர்கள் அங்கே குடியேறினர்.

இக்காலத்திலே குடியிருக்கும் இடத்தை மக்கள் தம் விருப்பம் போலத் தெரிந்தெடுத்தார்கள் என்று எண்ணுவது பொருந்தாது. சோனகரும் தமிழரும் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வீடு நிலம் உடையவராய் இருத்தல் ஆகாது என்று ஒல்லாந்தர் காலத்தில் விதி இருந்தது. பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியிலேதான் அது நீங்கியது. ஆகவே கொழும்பிலே நம்மவர்க்கு இடம் வகுத்த முதற் கை அரசாங்கத்தின் கையே. இதனை நாம் மறத்தலாகாது. பின்னரும் அக்கை நீண்ட காலங்கள் உண்டு.

விதி நீங்கிய பின்னர் இடம் வகுத்தது தொழில். தென்னிந்தியாவிலிருந்து வந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார் துறைமுகத்துக்கு அண்மையிலே, செட்டியார் தெருவிலே தங்கினர். கோப்பித் தோட்டங்களுக்குப் பணம் புரட்டியவர்களும், அரிசி இறக்கியவர்களும் அவர்களே. கடையும் கிட்டங்கியும் கோயிலும் ஒரே தெருவில் அமைந்தன. அத்தெருவிலிருந்து ஆடி மாதத்திலே புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குச் செல்லும் வேல் விழாவை அறியாதார் கொழும்பிலே இல்லை. இன்று அத்தெரு நகைக் கடைகளுக்குப் பேர் பெற்றது.

1875 இல் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885 இல் அவ்வேலை நிறைவெய்தியது. காலித் துறைமுகத்தின் சிறப்பெல்லாம் கொழும்புக்கு மாறியது. கப்பல் வந்த இடத்துக்குக் கூலி வேலைக்கு ஆளும் வந்தது. கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய இடங்களிலே, தோட்டங்கள் என வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளில் உழைப்பாளர் குடும்பங்கள் தங்கின. காலையில் துறைமுகத்துக்கு நடந்து போகலாம் என்பதே அவர்கள் கண்ட ஒரே வசதி. கொச்சிக்கடையிலே பொன்னம்பல முதலியார் 1857 இல் அமைத்த சிவன் கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கருங்கல்லாற் புதுக்கிக் கட்டினார். அக்கோயிலும், அதற்கு அண்மையிலுள்ள அந்தோனியார் ஆலயமும், கொட்டாஞ்சேனையின் லூசியா பேராலயமும் அப்பகுதி மக்களின் பக்தியைப் பல நெறிகளிலே காட்டி நிற்கின்றன.

செல்வர்க்கு வேறு இடம் இருந்தது. ஒல்லாந்தர் கறுவாப் பயிரிட்ட நிலம் பிற்காலத்திலே மாளிகைகள் நிறைந்த கறுவாத்தோட்டமாயிற்று. 1877 இல் நூதனசாலை அங்கே திறக்கப்பட்டது. சேர் பொன்னம்பலம் சகோதரர் போன்ற தமிழ்ப் பெருமக்களும் அப்பகுதியிலே வாழ்ந்தனர். கொட்டாஞ்சேனைத் தமிழனும் கறுவாத்தோட்டத்துத் தமிழனும் ஒரே மொழி பேசினர். ஆனால் ஒரே தெருவில் நடந்தனரல்லர். இனம் மாத்திரமே இடத்தைத் தீர்மானிக்கிறது என்பார்க்கு இது தக்க விடையாகும்.

இனி யாழ்ப்பாணத்தவரிடம் வருவோம். 1823 இல் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியும், அதன் பின் எழுந்த கிறிஸ்தவ, சைவக் கல்லூரிகளும் ஆங்கிலம் கற்ற வாலிபர்களை ஆண்டுதோறும் வெளியே அனுப்பின. வரண்ட நிலம் அத்தனை பேருக்கும் சோறிடவில்லை. அரசாங்க உத்தியோகம் இட்டது. 1905 இல் வடக்குப் புகையிரதப் பாதை காங்கேசன்துறைவரை நிறைவெய்தியது. முன்னர் கடல் வழியாகவும் காட்டு வழியாகவும் நாட்கணக்கிலே சென்ற பயணம் ஒரு நாளுக்குள் அடங்கியது. பெட்டியும் தலையணையுமாகக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் வந்து இறங்கிய இளம் லிகிதர் எங்கே தங்கினார்?

பெரும்பாலும் சமறியிலே தங்கினார். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரை அமர்த்தி, மாத முடிவிலே செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கே சமறி என்று பெயர். ஒரே ஊரவர், ஒரே கல்லூரியிற் படித்தவர், ஒரே கந்தோரில் வேலை செய்பவர் ஒரு கூரையின் கீழ்ச் சேர்ந்தனர். புதிதாக வருபவன் இடம் தேட வேண்டியதில்லை. அண்ணன் இருந்த அறையிலே தம்பிக்கும் ஒரு பாய் இருந்தது. மனைவி மக்கள் ஊரிலே இருந்தனர். மாதந்தோறும் மணியோடர் போயிற்று. அதனால் யாழ்ப்பாணத்திலே கல்வீடுகள் எழுந்தன. கொழும்பு சம்பாதிக்கும் இடம், ஊர் வாழும் இடம் என்னும் பிரிவு மனத்திலே ஆழப் பதிந்தது.

காலப்போக்கிலே குடும்பங்களும் வந்தன. குடும்பம் வந்தவுடன் தேவைகளும் மாறின. அப்பொழுதுதான் வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் நம்மவர் கண்ணிற் பட்டன. ஏன் இவ்விடங்கள்? காரணங்களை நான்கு வகரங்களில் அடக்கிச் சொல்லலாம்: வழி, வாடகை, வழிபாடு, வாத்தியார்.

முதலாவது வழி. கடலோரமாய்த் தெற்கே செல்லும் புகையிரதப் பாதையிலே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை என நிலையங்கள் வரிசையாய் அமைந்தன. மின்சார ட்ராம் வண்டி, 1960 இல் நிற்கும் வரை, கிராண்ட்பாஸுக்கும் பொறளைக்குமே ஓடியது. தெற்குக் கரையிலே இருந்தவர்க்குப் புகைவண்டியே துணை. கந்தோருக்குப் போவோர்க்கு அது போதுமானதாயிற்று. இரண்டாவது வாடகை. கறுவாத்தோட்டத்தின் விலை லிகிதரின் சம்பளத்துக்கு எட்டாது. கொட்டாஞ்சேனையின் நெருக்கம் அவர் மனத்துக்கு ஒவ்வாது. தென்னந்தோட்டங்களாய் இருந்து, காலி வீதியிலிருந்து கடல் நோக்கி ஒழுங்கை ஒழுங்கையாய்ப் பிரிக்கப்பட்ட வெள்ளவத்தை நிலம் இரண்டுக்கும் நடுவாய் அமைந்தது. மூன்றாவது வழிபாடு. கோயில் இல்லாத ஊரிலே குடியிருத்தல் தகாது என்பது நம் முதியோர் கருத்து. பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில்கள் முன்னரே இருந்தன. பின்னர் வெள்ளவத்தையிலே இராமகிருஷ்ண மிஷனும் அமைந்தது. நான்காவது வாத்தியார். சைவ மங்கையர் கழகத்தின் பாடசாலை வெள்ளவத்தையிலும், இந்துக் கல்லூரி பம்பலப்பிட்டியிலும் எழுந்தன. 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் வெள்ளவத்தையிலேயே நிலைபெற்று நூலகம் நடத்தி வருகின்றது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முதலிரு வகரங்களும் வந்தவர்க்கு ஆயத்தமாய் இருந்தவை. பின்னிரு வகரங்களிற் பெரும்பகுதி வந்தவர்களே உண்டாக்கியவை. நல்ல பேட்டையைத் தேடிப் போனவர்கள், போன இடத்தை நல்ல பேட்டையாக்கினார்கள்.

நான் பயின்ற மிஷன் பாடசாலையின் வேதபாட வகுப்பிலே ஆபிரகாமும் லோத்தும் பிரிந்த வரலாற்றைப் படித்தோம். எப்பக்கம் வேண்டுமோ தெரிந்துகொள் என்று பெரியவர் விட்டுக்கொடுக்க, இளையவனாகிய லோத்து நீர்வளம் மிக்க சமவெளியைப் பார்த்து அதனையே தெரிந்தான். நிலத்தைப் பார்த்தானேயன்றி அயலைப் பார்த்தானல்லன். பின்னர் அந்த அயலினாலேயே அவன் வீடு இழந்து ஓட நேர்ந்தது. நமது நான்கு வகரங்களோடு ஐந்தாவதாக வைத்து எண்ண வேண்டியது இந்த அயலே.

கொழும்புத் தமிழரின் பிற்கால வரலாறு இதனை மிகக் கசப்பான முறையிலே கற்பித்தது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. 1958 மே மாதத்திலே எழுந்த கலவரத்தில் கொழும்பிலிருந்த குடும்பங்கள் பல கப்பலேறி யாழ்ப்பாணம் சேர்ந்தன. 1977 இலும் அது நிகழ்ந்தது. 1983 யூலையிலே வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் மாண்டன. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தனர் என்று பலர் பதிந்திருக்கின்றனர். மாணவர் பயின்ற பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று.

அப்படியாயின், நம்மவர் ஒன்றாய்க் கூடி வாழ்ந்தமையே தவறோ? சிலர் அவ்வாறு வாதிப்பர். கூடி இருந்தபடியால் இலக்கு ஆயினர் என்பர். வேறு சிலர், சிதறி இருந்திருந்தால் இன்னும் கேடு என்பர். இரண்டும் முழு உண்மையல்ல. இடாப்பு இருந்தபடியால், தனித்து வாழ்ந்த வீடும் தப்பவில்லை. கூட்டமாய் வாழ்ந்த தெருவும் தப்பவில்லை. தப்பியவர்களிற் பலர் எவ்வாறு தப்பினர்? அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பமோ, பறங்கியரோ, முஸ்லிம்களோ மதிலுக்கு மேலாற் பிள்ளைகளைத் தூக்கி எடுத்து ஒளித்து வைத்தபடியால் தப்பினர். குடியிருக்கும் இடத்தின் பாதுகாப்பு அங்கே நம்மவர் எத்தனை பேர் என்பதில் மாத்திரம் தங்கவில்லை. அடுத்த வீட்டாருக்கு நம்மைத் தெரியுமா என்பதிலும் தங்கியிருந்தது. சமறி வாழ்க்கையின் பெருங்குறை இதுவே. பத்தாண்டு இருந்தும் அடுத்த வீட்டான் பெயர் அறியாதவர் அன்று எத்தனை பேர்!

எனினும் மக்கள் திரும்பி வந்தனர். போர் வடக்கை வருத்தியபொழுது, 1990 களிலே, கொழும்பே பலர்க்குப் புகலிடமாயிற்று. வெளிநாடு செல்லக் காத்திருந்தவர்களும், வைத்தியத்துக்கு வந்தவர்களும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் நிறைந்தனர். வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே பழைய வீடுகள் மறைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. ஆட்சியின் கை மறுபடியும் நீண்டது. 2007 யூன் 7 ஆந் திகதி, விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 370 பேருக்கு மேற்பட்டோர் பொலிசாரால் வெளியேற்றப்பட்டு, பஸ் வண்டிகளில் வவுனியாவை நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அச்செயலைத் தடுத்தது. ஒரு பிரசை தன் நாட்டிலே தான் விரும்பிய தெருவில் தங்கலாம் என்பது வெறும் வசதிப் பேச்சல்ல, நீதிமன்றம் காக்க வேண்டிய உரிமை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமோ?

1983 இன் பின்னர் கடல் கடந்தவர்களும் கொழும்பிலே கற்ற பாடத்தையே அங்கும் ஒப்புவித்தனர். தொரொன்ரோவின் ஸ்காபரோவிலே, இலண்டனின் ஈஸ்ற்ஹாமிலே, பாரிசின் லா சப்பல் தெருவிலே முதலில் ஓர் அண்ணன் அறை எடுத்தான், தம்பி வந்தான், கடை வந்தது, கோயில் வந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடம் வந்தது. அதே வகரங்கள், அதே வரிசை.

வாலிப நண்பர்களே, நம்மிற் பலர் படிப்பு முடிந்ததும் கொழும்புக்கோ அதற்கப்பாலோ பெட்டி கட்டப் போகிறவர்கள். வாடகை எவ்வளவு, பஸ் எங்கே, தண்ணீர் வருமா என்று கேட்பது அவசியந்தான். அவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொள்வோம். இத்தெருவிலே ஏற்கனவே இருப்பவர் யார்? நான் வந்தபின் இத்தெருவுக்கு என்ன சேரும்? முன்னைய தலைமுறை கோயிலையும் பள்ளியையும் நூலகத்தையும் சேர்த்துத் தந்தது. அயலானோடு பேசும் மொழியையும் அவனது நட்பையும் சேர்ப்பது நம் பங்காகும். சிங்களம் கற்ற தமிழனும் தமிழ் கற்ற சிங்களவனும் ஒரே ஒழுங்கையிலே, ஒருவன் வீட்டுத் துக்கத்துக்கும் கலியாணத்துக்கும் மற்றவன் போய்வருமாறு வாழ்வார்களாயின், எந்த இடாப்பைக் கொண்டுவந்தாலும் தேடுபவனுக்கு அத்தெரு வழி காட்டாது.