நூலக வாயிலும் நம் மக்களும்

கல்வி என்பது பள்ளிக் கட்டடத்திற்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதன்று. வகுப்பில் ஆசிரியர் கூறுவது விதை. அது முளைத்துக் கிளைப்பதற்கு வேண்டிய நிலமும் நீரும் நூல்களே. வசதியுள்ள வீட்டு மாணவன் தன் தந்தையின் அலமாரியிலிருந்து நூலை எடுத்துப் படிக்கிறான். வீட்டில் அலமாரியே இல்லாத மாணவனுக்குப் பொது நூலகம் ஒன்றே அலமாரி. ஆதலின், நூலகத்தின் வரலாறு மற்றவர்க்குப் பண்பாட்டுச் செய்தியாக இருக்கலாம்; நமக்கோ அது உரிமை வரலாற்றின் ஒரு பகுதி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நம் இளைஞர்களும் ஆசிரியப் பெருமக்களும் அதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நூலற்ற மக்களா நாம்?

நம் முன்னோர் நூலறியாதவர் என்று பலர் கூறக் கேட்கிறோம். பண்டிதர் அயோத்திதாசர் (1845-1914) இக்கூற்றை ஏற்கவில்லை. தம் பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் துரையிடம் பணியாற்றியவர் என்றும், தம் வீட்டிலிருந்த திருக்குறள் முதலிய ஏட்டுச் சுவடிகளை அவர் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்றும் பண்டிதர் எழுதி வைத்துள்ளார். குடிசையிலும் ஏடு காக்கப்பட்டது என்பதே இதன் பொருள். ஏடு இருந்தது, அதனைப் பெருக்கிப் பேணும் பொருளும் இடமும்தாம் பறிக்கப்பட்டன.

இடம் பறிக்கப்பட்ட நிலையை அரசாங்க ஆவணமே கூறுகிறது. நம் வட்டாரம் நெடுங்காலம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்கீர், 1891இல் அங்கு வாழ்ந்த நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்று அளித்தார். உழைப்பவனுக்கு நிலமில்லை, குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் விரும்பினால் பறிக்கத்தக்கது, கல்விக்கோ வழியில்லை என்பது அதன் சாரம். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படையாயிற்று. வீட்டு மனையே தனதல்லாதவன் நூலை எங்கே வைப்பான்? நில உரிமையும் நூல் உரிமையும் ஒரே கிளையில் பூத்தவை என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

நாமே ஏற்றிய விளக்குகள்

அரசு அசையுமுன்பே நம்மவர் செயலில் இறங்கினர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டார். ஒரு பைசா விலையில் அறிவை விற்ற அவ்விதழ், அக்காலத்து ஏழை வாசகனுக்கு ஒரு சிறு நூலகமாகவே விளங்கியது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி கண்டார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. இராஜா, பள்ளி ஆசிரியராகவே வாழ்வைத் தொடங்கிப் பாடநூல்களும் எழுதியவர். சட்டமன்றத் தலைவராக அறியப்படும் அவர், முதலில் கரும்பலகையின் முன் நின்றவர் என்பது நம் ஆசிரியர்கள் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

வாயில் திறந்த வரலாறு

சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. ஆயினும், மாளிகை எழுப்பப்படுவதாலேயே நூல் மக்களைச் சென்றடைந்துவிடாது. இதை உணர்ந்து உழைத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூலைப் பூட்டி வைத்தல் தகாது. எந்த வாசகனும் விடுபடலாகாது என்பன அவ்விதிகளின் உயிர்நாடி. அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகச் சென்றார். வாசகன் வர இயலாவிடின் நூல் அவனிடம் போக வேண்டும் என்னும் நெறியை அவ்வண்டி நாட்டுக்குக் கற்பித்தது.

எனினும், ஊர்ப் பொதுவிடத்தில் கால்வைக்கும் உரிமையே மறுக்கப்பட்டவனுக்கு எந்த விதி உதவும்? எனவே நூலக இயக்கம் ஒருபுறம் வளர, உரிமை இயக்கம் மறுபுறம் நடந்தது. இரட்டைமலை சீனிவாசனும் ஆர். வீரையனும் உறுப்பினராயிருந்த சென்னைச் சட்டமன்றம், பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றில் நமக்குள்ள உரிமையை 1924இல் தீர்மானமாக ஏற்றது. எம்.சி. இராஜாவின் முயற்சியால் 1938இல் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

இவ்விரு ஓடைகளும் கலந்த இடமே பொது நூலகச் சட்டம். கல்வியமைச்சராயிருந்த அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், 1950 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் தோன்றிய முதற் சட்டம் அது. கன்னிமாரா மாநில மைய நூலகமாயிற்று. 1972இல் பொது நூலகங்களுக்கெனத் தனித் துறை அமைய, வே. தில்லைநாயகம் அதன் இயக்குநராகித் தொண்டாற்றினார். இன்று தமிழகத்தில் 4,600க்கு மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன.

நூலகம் தானமன்று

இச்சட்டத்தில் நாம் கருத்தூன்ற வேண்டிய ஒரு செய்தி உண்டு. நூலகங்கள் நடப்பது எவருடைய கருணையாலும் அன்று. சொத்துவரியுடன் நூலக வரியும் சேர்த்துத் தண்டப்படுகிறது. சொத்துவரி ஒரு ரூபாய்க்கு நூலக வரி 10 காசு. 500 ரூபாய் சொத்துவரி செலுத்தும் வீட்டிலிருந்து 50 ரூபாய் நூலகத்திற்குச் செல்கிறது. உள்ளாட்சி மன்றம் அதனைத் தண்டி நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்கிறது. சொந்த வீடு இல்லாதவர் இதில் பங்கில்லை என எண்ண வேண்டா. வீட்டுக்காரர் செலுத்தும் வரி வாடகையில்தான் அடங்கியுள்ளது. ஆகவே, நூலகத்திற்குள் நுழையும் நம் மாணவன் விருந்தினன் அல்லன், உரிமையாளன். தயங்கித் தயங்கி வாயிலில் நிற்கும் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டிய பாடம் இதுவே.

ஆலைகளுக்கிடையே பள்ளிகள்

1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை நாடறியும். அதன்பின் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தன. வயலில் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆலைத் தொழிலாளராயினர். அவர்தம் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். முதல் தலைமுறையாக எழுத்தறிந்த அப்பிள்ளைகளுக்கு வீட்டில் ஐயந் தீர்ப்பார் இல்லை.

அக்காலத்தில் பள்ளிகளின் வறுமையைப் போக்க நெ.து. சுந்தரவடிவேலு கண்ட பள்ளிச் சீரமைப்பு மாநாட்டு இயக்கம் 1958இல் கடம்பத்தூரில் தொடங்கியது. நம் வட்டாரத்திற்கு அண்மையிலுள்ள ஊர் அது. ஊர்மக்களே பலகையும் இருக்கையும் நூலும் வாங்கித் தம் பள்ளிக்கு அளித்தனர். அரசின் கடமையும் மக்களின் முயற்சியும் இணைந்தால் என்ன விளையும் என்பதற்கு இது சான்று.

இன்று நம் கைக்கெட்டியவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றிடங்களிலும் கிளை நூலகங்கள் உண்டு. ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்தொடர் வண்டியிலும், பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலைப் பேருந்திலும் புறப்பட்டால் கன்னிமாராவை எளிதில் அடையலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூலின் படி வந்து சேரும் நான்கு நூலகங்களுள் அது ஒன்று. 2010இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதியும், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்கும் கூடமும் உள்ளன.

பூந்தமல்லிக்குத் தனிச் சிறப்பொன்று உண்டு. பார்வையற்றோர்க்கான அரசு மேனிலைப் பள்ளியும், பிரெயில் நூல்கள் அச்சிடும் அரசு அச்சகமும் அங்குள்ளன. கண்ணொளி இல்லாத பிள்ளையும் விரலால் படிக்க வழிசெய்த ஊர் அது. நம் குடும்பங்களில் அத்தகைய பிள்ளை இருப்பின் பெற்றோர் மனந்தளராது இவ்வசதியை நாட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு வேறு துணைகளும் வாய்த்துள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றிப் படிக்கலாம். 2018 முதல் வந்த பாடநூல்களில் அச்சிடப்பட்ட குறியீட்டைக் கைப்பேசியால் காட்டினால் பாட விளக்கங்கள் திரையில் தோன்றுகின்றன. ஆயினும், ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில் அச்சு நூலே இன்னும் உற்ற துணை.

அண்ணல் காட்டிய வழி

அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் சென்றபோது, உணவுச் செலவைச் சுருக்கிப் பழைய நூல்களை வாங்கிச் சேர்த்தார். 1917இல் தாயகம் திரும்புகையில், அவர் பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் போரில் தாக்குண்டு மூழ்கியது. அவ்வாண்டே பரோடாவில் பணியேற்ற அவருக்குத் தங்க இடம் தர ஆளில்லை. பேரறிஞர்க்கும் கதவு மூடிய நாடு இது. அவர் சோர்ந்தாரில்லை. பின்னர் பம்பாய் தாதரில் 'இராஜகிருகம்' என்னும் இல்லத்தைத் தம் நூல்களுக்கு இடமாகும்படியே கட்டினார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். தாம் சேர்த்த அறிவு தம்முடன் நின்றுவிடலாகாது என்பதே அவர் கொள்கை.

நாம் செய்யத்தக்கன

வெள்ளிவிழாக் காணும் நம் கழகம் இவ்வரலாற்றின் வழித்தோன்றல். அடுத்த கால் நூற்றாண்டிற்குச் சில பணிகளை எண்ணிப் பார்க்கலாம். நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கிளை நூலக உறுப்பினராக்குதல் முதற்பணி; படிவம் நிரப்பவும் உடன்செல்லவும் கல்லூரி இளைஞர்கள் முன்வர வேண்டும். ஆசிரியராயுள்ள நம் உறுப்பினர்கள், பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடக்கும் நூல்களை வாரம் ஒருமுறையேனும் மாணவர் கையில் கொடுத்தல் இரண்டாம் பணி. நூல் கிழிந்துவிடும் என்னும் அச்சத்தால் பூட்டப்பட்ட நூல், கிழியாமலே செல்லரித்துப் போகும். வேண்டிய நூல் இல்லையெனில் நூலகரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் மூன்றாம் பணி. வரி செலுத்துவோர் கேட்பதில் நாணத்திற்கு இடமில்லை.

இளைஞர்களே! நம் பாட்டனார் காலத்தில் மூடியிருந்த வாயில் இன்று சட்டத்தால் திறந்திருக்கிறது. திறந்த வாயிலின் முன் நின்று திரும்புவது, அதனைத் திறக்கப் பாடுபட்டோரை மறப்பதாகும். உள்ளே செல்லுங்கள், உங்கள் தம்பி தங்கையரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். படித்தவற்றை நம் குடியிருப்புக்குக் கொண்டுவந்து பகிருங்கள். கல்வியால் உயர்வோம்!