கோடி, சேது, பாம்பன்: ஒரு தீவின் பெயர் வரலாறு

இராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்கே, மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே கிடப்பது இராமேசுவரம் தீவு. அரசு நிலப்படங்களில் பாம்பன் தீவு என்றும், யாத்திரைக்கு வருவோர் வாயில் இராமேசுவரம் என்றும் வழங்குகிறது. இரண்டுக்கும் முந்தைய பெயர் கோடி.

அகநானூற்றின் 70ஆம் பாடலில், மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார், பாண்டியருக்கு உரிய பழமையான கோடியைப் பாடுகிறார். கடலோரத்து ஆலமரத்தடியில் இராமன் மறைவான ஆலோசனையில் இருந்தபோது மரத்துப் பறவைகள் ஒலியடங்கின என்பது அங்கே வரும் செய்தி. இந்தக் கோடியைத் தனுஷ்கோடி என்றே உரையாசிரியர்கள் கொள்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி இந்தக் கடற்பகுதியில் ‘கோரி’ என்று ஒரு முனையையும் தீவையும் குறிக்கிறார். அது கோடியின் கிரேக்க ஒலிப்பு என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. நிலம் முடிந்து கடல் தொடங்கும் முனையைக் கோடி என்பது நம் கரையின் இயல்பான வழக்கு. நாகைக் கரையின் கோடியக்கரையும் அப்படிப் பெயர் பெற்றதுதான். புராணமோ அரசோ சூட்டாமல், கரையில் நின்று பார்த்தவன் வைத்த பெயர் என்பதால் இதையே முதலில் வைக்க வேண்டும்.

அப்பரும் சம்பந்தரும் பாடிய காலத்தில் தலம் இராமேச்சுரம் ஆகிவிட்டது. பிற்காலப் புலவர்களுக்கு ஊர் ‘தேவை’. பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் நூல் தேவையுலா. சேதுபதிகளின் விருதுகளில் ஒன்று ‘தேவை நகராதிபன்’. அந்தப் பெயர் இன்று ஏட்டில் மட்டும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் அகலமாகப் பரவியது சேது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தி உருவத்தோடு ‘சேது’ என்று தமிழில் பொறித்த காசுகளை வெளியிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் சடைக்கன் சேதுபதிக்கு இந்தச் சீமையின் ஆட்சியையும் யாத்திரைப் பாதையின் காவலையும் ஒப்படைத்தபின், ஆள்பவர் சேதுபதி, நாடு சேதுச்சீமை, திருப்புல்லாணிக்கு அருகே நீராடும் கரை சேதுக்கரை என்று ஒரே பெயர் எங்கும் படர்ந்தது. உலகின் மறுபுறத்தில், பசிபிக் பெருங்கடலில் ராப்பா நூயி என்பது ஒரு தீவுக்கும் அதன் மக்களுக்கும் மொழிக்கும் ஒரே பெயர். 1722இல் ஈஸ்டர் திருநாளன்று அந்தத் தீவைக் கண்ட டச்சு மாலுமி ரோகெவீன் சூட்டிய ‘ஈஸ்டர் தீவு’ உலக வரைபடத்தில் ஏறியது. மக்கள் தங்களை ராப்பா நூயி என்றே அழைத்துக்கொள்கிறார்கள். நம் கரையில் காசிலும் பட்டத்திலும் பிள்ளைகளின் பெயரிலும் சேது நிலைத்தது அதுபோன்ற பிடிப்பால்தான்.

பாம்பன், தீவின் மேற்கு முனையிலுள்ள ஊரும் அதையொட்டிய கால்வாயும். பாம்புபோல வளைந்தோடும் நீரோட்டத்தால் வந்த பெயர் என்று சொல்வோர் உண்டு. கப்பல் போகும் வழியே ஆங்கிலேயருக்கு முக்கியம் என்பதால் வழியின் பெயர் தீவு முழுவதற்கும் ஏறியது. 1914 பிப்ரவரியில் ரயில் பாலம் திறந்ததும் அது உறுதிப்பட்டது. கிழக்கே தலைமன்னார் நோக்கிச் செல்லும் மணல்திட்டு வரிசைக்கு அவர்கள் வரைபடங்களில் ‘ஆதாம் பாலம்’ என்று எழுதினார்கள். இலங்கை மலையில் ஆதாமின் பாதம் பதிந்தது என்ற அரபு மரபின் தொடர்ச்சி அது. ஊரார் இராமர் பாலம் என்பார்கள். கடலுக்குப் போகிறவர்களோ ஒன்றாம் திட்டு, இரண்டாம் திட்டு என்று எண்ணிச் சொல்கிறார்கள். 2022இல் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எந்தத் திட்டில் தவிக்கிறார்கள் என்று செய்திகளில் வந்ததும் அந்த எண்தான். தீவின் வடபுறத்துக் கடல் அடங்கியது, பெண்கடல். தென்புறம் சீற்றமுள்ளது, ஆண்கடல். வலை போடுகிறவனுக்கு இவை பாக், மன்னார் என்ற பெயர்களைவிடப் பயனுள்ளவை.

சிறு இடப்பெயர்களின் ஆயுள் இன்னும் வியப்பானது. 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் படையோடு வந்து ‘குந்துகால’ என்ற இடத்தில் கோட்டை கட்டி, மன்னன் பெயரால் பராக்கிரமபுரம் என்று அழைத்தான் என்கிறது சூளவம்சம். மன்னன் பெயர் நிற்கவில்லை. குந்துகால் நின்றது. 1897 ஜனவரி 26 அன்று மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் பாஸ்கர சேதுபதியின் வரவேற்போடு கரையிறங்கியது அதே குந்துகாலில். நினைவு மண்டபம் இன்றும் அங்கே இருக்கிறது. அக்காள்மடமும் தங்கச்சிமடமும் யாத்திரிகர் தங்கிப்போன பாதையின் மடங்களால் ஊரானவை.

1964 டிசம்பர் 22 இரவு தொடங்கிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலில் போயிற்று. துறைமுகமும் கப்பல் போக்குவரத்தும் போயின. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும் நிற்கும் மணலைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல சாலை உண்டு.

2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்துக்கும் பாம்பன் என்றே பெயர். நிலப்படம் அப்படியே இருக்கட்டும். கடலோடிகள் சொல்லும் திட்டு, முனை, கால் பெயர்களை அவற்றைச் சொல்லும் முதியவர்கள் இருக்கும்போதே பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஊர்வாரியாக எழுதிப் பதிய வேண்டும்.