ரூட் டிஸ்டிங்விஷர் எதைப் பிரிக்கிறது? ஆர்.எஃப்.சி. 4364, பிரிவு 4.1: ஒரு மறுவாசிப்பு

ஒரே சேவையாளரின் எம்.பி.எல்.எஸ். வலைப்பின்னலில் இரண்டு வாடிக்கையாளர்கள் 10.1.1.0/24 என்ற அதே முகவரித் தொகுதியை வைத்துக்கொண்டு, ஒருவர் போக்குவரத்து மற்றவரிடம் போகாமல் இயங்க முடிகிறது. இது எப்படி என்று கேட்டால் பயிற்சிக் கையேடுகள் பலவும் 'ரூட் டிஸ்டிங்விஷர் வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்கிறது' என்றே சொல்கின்றன. மூல ஆவணம் இதற்கு இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1999இல் எரிக் ரோசனும் யாக்கோவ் ரெக்டரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 2547க்கு மாற்றாக 2006இல் வந்தது இந்த மூல ஆவணமான ஆர்.எஃப்.சி. 4364. அதன்படி 8 பைட் ரூட் டிஸ்டிங்விஷரும் (இனி ஆர்.டி.) 4 பைட் ஐ.பி. முகவரியும் சேர்ந்து 12 பைட் வி.பி.என். முகவரி ஆகின்றன. ஆர்.டி.க்குள் எண்ணை வழங்கியவர் யார், வழங்கப்பட்ட எண் எது என்று தனித்தனிப் புலங்கள் இருப்பதைப் பார்த்தே பலர் அதை வாடிக்கையாளரின் அடையாளமாக வாசிக்கிறார்கள். பிரிவு 4.1 அந்தப் புலங்களுக்குக் கூறும் காரணம் வேறு. ஒவ்வொரு சேவையாளரும் பிறரோடு மோதாமல் தன் எண்களைத் தானே ஒதுக்கிக்கொள்ள அவை உதவுகின்றன, அவ்வளவுதான். இரு முகவரிகளை ஒப்பிடும்போது, ரவுட்டர்கள் வழித்தகவலைப் பகிரும் நெறிமுறையான பி.ஜி.பி. இந்த உள்ளமைப்பைக் கண்டுகொள்வதே இல்லை. வழித்தகவல் எங்கிருந்து வந்தது, எந்த வி.பி.என்.களுக்குப் போக வேண்டும் என்பதை ஆர்.டி. சொல்லாது என்றும் அதே பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது.

பெரும்பாலோர் தாண்டிச் சென்றுவிடும் இடம் ஒன்று அதே பிரிவில் இருக்கிறது. ஒரே சர்வருக்கு உள்வலைப் போக்குவரத்து ஒரு வழியிலும் வெளிவலைப் போக்குவரத்து இன்னொரு வழியிலும் போக வேண்டுமானால், ஒரே ஐ.பி. முகவரிக்கு இரண்டு ஆர்.டி. தந்து இரண்டு வழித்தகவல்களை உருவாக்கலாம் என்கிறது ஆவணம். ஆர்.டி. வாடிக்கையாளரின் அடையாளம் என்றால், ஒரே வாடிக்கையாளரின் ஒரே சர்வருக்கு இரண்டு அடையாளம் எதற்கு? வருகைப் பதிவேட்டில் இரண்டு முருகன்களுக்கு வெவ்வேறு இனிஷியல் போட்டால் இருவர் பெயரும் பதிவேட்டில் நிற்கும்; யார் எந்த வகுப்பறையில் உட்கார வேண்டும் என்பதை இனிஷியல் தீர்மானிக்காது.

பிழை நேரும்போது இது இன்னும் தெளிவாகிறது. இரு வாடிக்கையாளர்களுக்கும் தவறுதலாக ஒரே ஆர்.டி. தந்துவிட்டதாகக் கொள்வோம். வழித்தகவல்களைப் பெற்று மற்ற ரவுட்டர்களுக்கு அனுப்பும் ரூட் ரிஃப்ளெக்டருக்கு இரண்டு 10.1.1.0/24உம் ஒன்றாகவே தெரியும். சிறந்த ஒன்றை மட்டும் அது அனுப்பும். தோற்ற வாடிக்கையாளர் இணைப்பை இழப்பார். ஆனால் வழித்தகவலை எந்த அட்டவணை ஏற்க வேண்டும் என்று குறிப்பது ரூட் டார்கெட்; வென்ற வழித்தகவலில் வென்றவரின் ரூட் டார்கெட்டே இருப்பதால், அது தோற்றவருக்கென ரவுட்டரில் தனியாக உள்ள வி.ஆர்.எஃப். அட்டவணைக்குள் நுழையாது. சேவை கெடும், கலப்பு நேராது. மாறாக, ரூட் டார்கெட்டில் ஓர் எண் தவறினால் ஆர்.டி.கள் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் ஒருவரின் வழித்தகவல் மற்றவரின் அட்டவணையில் போய் உட்கார்ந்துவிடும்.

பாக்கெட்டையும் பார்க்கலாம். வாடிக்கையாளரோடு இணைந்த விளிம்பு ரவுட்டர் அதை அனுப்பும்போது ஐ.பி. தலைப்புக்கு முன்னால் பொதுவாக இரண்டு லேபிள்களைச் சேர்க்கிறது. வெளி லேபிள் மறுமுனை ரவுட்டர்வரை கொண்டு சேர்க்கும். உள் லேபிள் அங்கே எந்த வாடிக்கையாளர் பக்கம் திருப்புவது என்று சொல்லும். லேபிள் ஒவ்வொன்றின் எண்ணும் 20 பிட். பாக்கெட்டில் எங்கு தேடினாலும் ஆர்.டி. கிடைக்காது. லினக்ஸ் கெர்னலின் வி.ஆர்.எஃப். கருவியை உருவாக்கவும் ஓர் அட்டவணை எண் போதும், ஆர்.டி. தேவையில்லை, ஒரே முகவரித் தொகுதி இரண்டு வி.ஆர்.எஃப்.களில் மோதாமல் இருக்கும். அட்டவணைகளை பி.ஜி.பி. வழியாகப் பகிரும்போதுதான் ஆர்.டி. வேண்டியதாகிறது.

நடைமுறையில் பலரும் ஆர்.டி.க்கும் ரூட் டார்கெட்டுக்கும் ஒரே எண்ணைத் தருகிறார்களே என்பார்கள். அது நிர்வாக வசதி, இயங்குமுறைக்குச் சான்றாகாது. அந்த வசதிக்கு விலையும் உண்டு. ஒரே கிளை இரண்டு விளிம்பு ரவுட்டர்களில் இணைந்து, இரண்டிலும் ஒரே ஆர்.டி. இருந்தால், ஒரே முகவரிக்குப் பல வழிகளை அனுப்பும் ஆட்-பாத் வசதி இல்லாத ரிஃப்ளெக்டர் மாற்று வழியை மறைத்துவிடும். அதனாலேயே வி.ஆர்.எஃப். ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்.டி. தருவோர் இருக்கிறார்கள். அங்கே ஒரே வாடிக்கையாளருக்குப் பல ஆர்.டி.கள்.

எல்லாப் பழைய விளக்கங்களும் ஒரே அளவில் தவறு என்று கூற வரவில்லை. பி.ஜி.பி.யின் எல்லைக்குள் அவை சொல்வது சரியே. அந்த எல்லைக்கு வெளியே, இரண்டு வாடிக்கையாளர்களின் 10.1.1.0/24ஐயும் ஒரே வி.ஆர்.எஃப்.க்குள் இறக்குமதி செய்தால் ஆர்.டி. கழன்றுவிடும், மிஞ்சுவது ஒரே முகவரிக்கு இரண்டு போட்டியாளர்கள். பொதுவான கிளைகள் இல்லாத வி.பி.என்.களுக்கு மட்டுமே ஒரே முகவரிகளை ஆவணம் அனுமதிப்பது இதனால்தான். ஆகவே வலைப்பின்னல் தணிக்கை செய்வோர் ஆர்.டி. பட்டியலைச் சரிபார்த்ததோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு வி.ஆர்.எஃப்.பும் எந்த ரூட் டார்கெட்டை இறக்குமதி செய்கிறது என்பதை வரி வரியாகப் பார்க்க வேண்டும்.