பின் ஒலிபெருக்கிகள் ஏன் மௌனமாயின?

வரவேற்பறைக் கணினியை ஒளியிழைக் கம்பிவழிப் பழைய ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துப் படம் பார்த்தபோது, முன்னிருந்த இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டுமே ஒலித்தன. ஆம்ப்ளிஃபயர் பழுதென்று எண்ணிப் புதியது வாங்கவே புறப்பட்டுவிட்டேன். காரணமோ அந்த இணைப்பின் வரலாற்றில் இருந்தது.

சோனியும் பிலிப்சும் 1982இல் குறுந்தட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தன. எஸ்பிடிஐஎஃப் என்னும் இணைப்பின் பெயரிலும் அவ்விரு நிறுவனங்களே உள்ளன. குறுந்தட்டில் இடம், வலம் என இரண்டே ஒலித்தடங்கள். நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். அந்த இரண்டுக்கென்றே அளந்து செய்யப்பட்ட இணைப்பு அது.

1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல் திரையரங்குக்கு வந்தது. ஐந்து தடங்கள், தாழ்ந்த அதிர்வொலிக்குத் தனியே ஒன்று. ஆறையும் விரித்து அனுப்ப இவ்விணைப்பில் இடமில்லை. ஆயினும் சுருக்கிக் கட்டிய அவ்வொலி டிவிடியில் நொடிக்கு 448 கிலோபிட்டைத் தாண்டாது! ஆகவே மூட்டையைப் பிரிக்காமலே அனுப்பி, ஆம்ப்ளிஃபயரிடம் பிரிக்கும் வேலையை விட்டார்கள். 'பாஸ்த்ரூ' என்பது இதுவே.

என் கணினியோ மூட்டையைத் தானே பிரித்து, ஆறு தடங்களையும் இரண்டாகக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. படம் காட்டும் மென்பொருளின் ஒலி அமைப்பில் பாஸ்த்ரூவைத் தெரிவு செய்ததும் பின்னாலிருந்து மழையோசை கேட்டது.

ப்ளூ-ரேயின் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி ஆகியவை இன்னும் பெரிய மூட்டைகள். அவற்றைப் பிரிக்காமல் கடத்தும் வசதி 2006இல் எச்டிஎம்ஐ 1.3 உடன்தான் வந்தது. பழைய ஆம்ப்ளிஃபயரை விடாத நான், அத்தகைய தட்டுகளில் டால்பி டிஜிட்டல் தடத்தையே தெரிவு செய்துகொள்கிறேன்.