விளையாட்டின் மீது விழுந்த பழி: மதுரை வழக்குகளும் தமிழ்ச் செய்தித்துறையும், 2017–2021

2017 ஆகஸ்ட் இறுதியில் மதுரை அருகே கல்லூரி மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கையில் திமிங்கிலப் படம் வரையப்பட்டிருந்தது. தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ‘ப்ளூவேல்’ இணைய விளையாட்டுக்குத் தமிழகத்தின் முதல் பலி என்று நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அறிவித்தன. செப்டம்பர் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. இணைய விளையாட்டைப் பற்றித் தமிழ்ச் செய்தித்துறை பேசும் முறை அந்தச் சில வாரங்களில் உறுதிப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த முறையில் குற்றம் விளையாட்டின் தலையில் விழுகிறது. மனிதர்கள் செய்ததும் அனுபவித்ததும் பின்னுக்குப் போய்விடுகின்றன.

ப்ளூவேல் கதை ரஷ்யாவின் ‘நோவயா கஸ்யெத்தா’ இதழ் 2016 மே மாதம் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவியது. மரணங்களுக்கும் இணையக் குழுக்களுக்கும் அக்கட்டுரை காட்டிய தொடர்பு போதிய ஆதாரமற்றது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. இந்தியாவிலும் மத்திய அரசு அமைத்த குழு, இறந்தவர்களின் இணையப் பயன்பாடு, அழைப்புப் பதிவுகள், தடயவியல் சான்றுகள் ஆகியவற்றை ஆராய்ந்தது. எந்தச் சம்பவத்திலும் ப்ளூவேலின் பங்கு நிறுவப்படவில்லை என்று 2018 ஜனவரியில் உள்துறை இணையமைச்சர் ஹன்ஸ்ராஜ் அஹிர் மக்களவையில் தெரிவித்தார். மதுரையின் பெயரை அகில இந்தியச் செய்தியாக்கிய ஊடகங்கள் இந்தப் பதிலுக்கு அதில் ஒரு பங்கு இடம்கூடத் தரவில்லை. ஒரு வீட்டின் துயரத்துக்குக் காரணம் சொன்னவர்களுக்கு, அந்தக் காரணம் நிற்கவில்லை என்பதையும் அதே அளவில் சொல்லும் கடமை உண்டு.

2019 ஏப்ரல் 3 அன்று மதுரைக் கிளை இட்ட இடைக்கால உத்தரவு டிக்டாக் தடை என்றே நினைவில் நிற்கிறது. அந்தச் செயலியில் எடுத்த காணொளிகளை ஊடகங்கள் ஒளிபரப்பக் கூடாது என்ற பகுதியும் அதில் இருந்தது. இணையத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் காட்சியைத் தொலைக்காட்சி மறுபடி காட்டினால் அந்த இழிவு இரட்டிப்பாகிறது. உத்தரவின் இந்தப் பகுதி கவனம் பெற்றிருந்தால், இணைய இழிவைச் செய்தித்துறை எப்படிக் கையாள வேண்டும் என்ற விவாதத்துக்கு நல்ல தொடக்கமாக இருந்திருக்கும். ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது. விவாதம் எழவே இல்லை.

அது எழாததன் விளைவு 2021 ஜூனில் தெரிந்தது. யூடியூபில் பப்ஜி ஆடியபடியே பெண்களை ஆபாசமாக வசைபாடியதாக மதன் என்பவர் மீது புகார்கள் குவிந்தன. ஜூன் 18 அன்று தருமபுரியில் அவர் கைதானார். பிறகு குண்டர் சட்டமும் பாய்ந்தது. முன்ஜாமீன் விசாரணையில் நீதிபதி எம். தண்டபாணி, அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து வாதாடுங்கள் என்ற பொருள்பட அவருடைய வழக்கறிஞரிடம் சொன்னார். குற்றச்சாட்டின் மையம் விளையாட்டு அல்ல, பேச்சு என்பதை நீதிமன்றம் அன்றே தெளிவாக்கிவிட்டது. செய்திகளோ அவருக்கு ‘பப்ஜி மதன்’ என்று பெயர் சூட்டின. சொகுசுக் கார்களும் வருமானக் கணக்கும் முகம் காட்டாதவரின் முகமும் நாள்கணக்கில் ஓடின. அந்தக் குரல் யாரை நோக்கிப் பாய்ந்ததோ அந்தப் பெண்களின் நிலை அபூர்வமாகவே விசாரிக்கப்பட்டது. அவர்களில் எத்தனை பேர் ஆட்டத்தை விட்டே விலகினார்கள்? இதே வசை தெருவில் நிகழ்ந்திருந்தால் பாதிக்கப்பட்டவரைப் பற்றியே நாம் முதலில் கேட்டிருப்போம்.

ஆட்டக்காரர்கள் நடுவிலும் பிளவு இருந்தது. மதனை ஆதரித்த இளம் ரசிகர்களும் உண்டு, அவரை அம்பலப்படுத்திய சக ஆட்டக்காரர்களும் உண்டு. ‘பப்ஜி’ என்ற ஒரே முத்திரை இரு சாராரையும் ஒன்றாக்கிவிட்டது. 2020 செப்டம்பரிலேயே தடை செய்யப்பட்ட ஆட்டம் என்பதால், ஆடியவர் எல்லாரும் குற்றவாளி என்ற தொனி எளிதில் ஒட்டிக்கொண்டது.

நடுநிலையின் பெயரால் வேறொரு பிழையும் நேரலாம். 2014-இல் அமெரிக்காவில் வெடித்த ‘கேமர்கேட்’ சர்ச்சையில், விளையாட்டு வடிவமைப்பாளர் ஸோயி க்வின், சாதகமான விமர்சனத்துக்காக ஒரு பத்திரிகையாளருடன் உறவுகொண்டார் என்று தூற்றப்பட்டார். அந்தப் பத்திரிகையாளர் க்வினின் விளையாட்டுக்கு விமர்சனம் எழுதியதே இல்லை. இவ்வளவு எளிதில் சரிபார்க்கக்கூடிய ஒன்றையும் பல செய்திகள் ‘இரு தரப்புக் கருத்து’ என்று பரிமாறின. அதே ஆண்டு அக்டோபரில், கொலை மிரட்டல் வந்ததால் விமர்சகர் அனிதா சர்க்கீசியன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழக உரையை ரத்து செய்ய நேர்ந்தது. மிரட்டியவரும் மிரட்டப்பட்டவரும் ஒரு வாதத்தின் இரு தரப்பினர் ஆக மாட்டார்கள். நியாயமான செய்தியாளர் ஆட்டக்காரர்களின் கருத்து வேற்றுமையை இரு பக்கமும் கேட்டு எழுதலாம்; வசையை நிகழ்ந்த குற்றமாகவே எழுத வேண்டும்.

பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காப்பதில் சட்டம் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. சிறாராக இருந்தால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஊடகத்தைத் தடுக்கும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228-ஏ பிரிவு காத்தது. இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 72-ஆம் பிரிவு காக்கிறது. ஆட்டத்தின் நடுவே வசைபாடப்பட்ட இருபது வயதுப் பெண் புகார் கொடுத்தால், இவ்விரண்டும் பொதுவாக அவருக்குப் பொருந்துவதில்லை. அவர் பெயரையும் ஊரையும் அச்சிடுவதா வேண்டாமா என்பதை அன்றைய இரவுப் பதிப்பின் உதவி ஆசிரியரே முடிவு செய்கிறார்.