மழைத்தண்ணியில் உலோகம் கலந்திருக்கா? எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

தேனி மாவட்டம் பொட்டிப்புரம்னு சொன்னாலே நியூட்ரினோ ஆய்வகம்தான் ஞாபகம் வரும். மலையைக் குடைந்து அதை அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அனுமதி தர முடியாது என 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பாறையை உடைக்கும்போது கிளம்பும் தூசி காற்றையும் தண்ணீரையும் கெடுக்குமோ என்பது ஊர்மக்களின் கவலைகளில் ஒன்று. அதற்கு மழைநீர் பரிசோதனை விடை சொல்லுமா?

மழைக்குள் உலோகம் எப்படி?

விழும் மழைத்துளி காற்றிலுள்ள தூசியையும் கழுவிக்கொண்டு வரும். நகரங்களில் வாகனப் புகை, டயர் தேய்மானம், ஆலைப் புகை வழியாக ஈயம், துத்தநாகம் போன்றவை சேரும்.

எப்படி அளப்பது?

கூரைத் தண்ணி உதவாது. தகரத்திலிருந்தே துத்தநாகம் கலந்துவிடும். அமிலத்தில் அலசிய பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்தவெளியில் வைத்து, மழை பெய்யும்போது மட்டும் திறக்கணும். பிறகு கொஞ்சம் நைட்ரிக் அமிலம் சேர்க்கணும். இல்லேன்னா உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கும். அடுத்து ஆய்வகக் கருவியில் சோதனை. குடிநீரில் ஈயத்துக்கு இந்திய வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான்.

ஒப்பிட என்ன இருக்கு?

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. அங்குள்ள மரப்பாசியில் இருந்த பாதரசத்தை, சுமார் 20 கி.மீ. தள்ளியுள்ள பேரிஜம் ஏரிப் பாசியோடு ஒப்பிட்ட பிறகே பாதிப்பின் அளவு புரிந்தது.

பொட்டிப்புரத்துக்கும் அதேதான். எந்த வேலையும் தொடங்கும் முன் பெய்யும் மழையின் கணக்கு கையில் இருக்கணும். அப்போதான் நாளைக்கு ‘தண்ணி மாறிடுச்சா?’ன்னு கேட்டால் ஆதாரத்தோடு பதில் சொல்ல முடியும்.