எட்டு மதிப்பெண்ணின் வரலாறு

விடியற்காலையில் பள்ளிகொண்டாவில் குடியாத்தம் பேருந்துக்காக நின்றிருக்கிறீர்களா? நெடுஞ்சாலை ஓரத்தில் ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டிக்காகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். சற்றுத் தள்ளிக் கல்லூரிப் பைகளுடன் மாணவர்கள் நிற்பார்கள். பல வீடுகளில் இவர்கள் தாயும் பிள்ளையுமாக இருப்பார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பிப்பவன் நான். ஒருநாள் ஆய்வகத்தில், திருகு அளவியால் கம்பியின் தடிமனை அளந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன், "சார், என்னைவிட எட்டு மார்க் குறைவாக வாங்கியவனுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. இது நியாயமா?" என்று கேட்டான். அதே மேசையில் தோல் ஷாப்புத் தொழிலாளியின் மகன் ஒருவன் தலை நிமிராமல் அளவெடுத்துக் கொண்டிருந்தான்.

கேட்டவன் மீது எனக்குக் கோபமில்லை. அது நேர்மையான கேள்விதான். ஆனால் அந்த எட்டு மதிப்பெண்ணுக்குப் பின்னால் நூறாண்டைத் தாண்டிய கதை ஒன்று இருக்கிறது. இயற்பியல் ஆசிரியனுக்கு அதில் என்ன வேலை என்கிறீர்களா? அளவு என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் எங்களுக்கு வேலை உண்டு.

1912-ஆம் ஆண்டின் சென்னை மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அன்றைய மக்கள்தொகையில் பிராமணர்கள் ஏறத்தாழ 3 சதவீதம். ஆனால் இந்திய டெபுடி கலெக்டர்களில் 55 சதவீதமும், சப் ஜட்ஜுகளில் 83 சதவீதமும், மாவட்ட முன்சீப்புகளில் 72 சதவீதத்துக்கு மேலும் அவர்களே இருந்தனர். உடனே "தேர்வில் மோசடி" என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வது சரியன்று. அக்காலத்துப் பட்டதாரிகளிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அவர்களே. வேலை கொடுக்கும் வாயிலில் உட்கார்ந்திருந்தவர் முழு நேர்மையுடன் தேர்ந்தெடுத்திருந்தாலும் முடிவு ஏறத்தாழ இப்படித்தான் வந்திருக்கும். சிக்கல் வாயிலில் இல்லை. வாயிலுக்கு வரும் பாதையில், யார் வீட்டில் எழுத்தறிவு தலைமுறை தலைமுறையாக இருந்தது என்பதில் இருந்தது.

நீதிக்கட்சி அரசு 1921-இல் வகுப்புவாரி ஆணையை வெளியிட்டது இந்தப் பின்னணியில்தான். அது முறையாக நடைமுறைக்கு வந்தது 1927 ஆணைக்குப் பிறகு, டாக்டர் சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த முத்தையா முதலியாரின் முயற்சியால். அந்த ஆணை வேலைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தது. ஒவ்வொரு பன்னிரண்டிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1.

ஒரு தாளை எடுத்து இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். 3 சதவீதம் பேருக்குப் பன்னிரண்டில் இரண்டு, அதாவது 16 சதவீதத்துக்கு மேல். மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 சதவீதமாக இருந்த ஒடுக்கப்பட்டோருக்கோ பன்னிரண்டில் ஒன்று, அதாவது 8 சதவீதம் சொச்சம்! அநீதியைத் திருத்த வந்த ஆணையிலேயே கீழ்த்தட்டில் இருந்தவனுக்குப் பங்கு குறைந்தது. தங்கள் மக்கள் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று எம். சி. ராஜா 1923-இலேயே நீதிக்கட்சியை விட்டு விலகியதை இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டிய கைகளுக்கு உரியது அந்த ஓர் இடந்தான். அதற்கும் படித்த ஒருவர் வேண்டுமே!

1947-இல் பன்னிரண்டு பதினான்காயிற்று. பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு முதன்முறையாகத் தனியே 2 இடங்கள் வந்தன. அரிசனங்கள் என்று அன்று அழைக்கப்பட்டோரின் பங்கும் 2 ஆயிற்று. கல்லூரிச் சேர்க்கையிலும் இதே விகிதம் பின்பற்றப்பட்டது. அப்போது மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து இருந்த இடங்கள் 330.

செண்பகம் துரைராசன் வழக்குத் தொடுத்தது இந்தச் சேர்க்கை முறையை எதிர்த்துத்தான். பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்த சீனிவாசன் என்ற மாணவரும் தனியே வழக்குப் போட்டார். செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்யவில்லை என்பது விசாரணையில் தெரிய வந்தது. எனினும் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிடவில்லை. 1950-இல் உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் கல்லூரிச் சேர்க்கையில் அந்த ஆணை செல்லாது என்றன. அரசு வேலைக்கு இடஒதுக்கீடு செய்ய அரசியலமைப்பில் 16(4) என்ற பிரிவு இருந்தது. கல்விக்கு அப்படியொரு பிரிவு அன்று இல்லை. பெரியாரின் தலைமையில் தமிழ்நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. இந்தியா முழுவதும் இன்று இருக்கும் கல்வி ஒதுக்கீட்டுக்கு இந்தச் சென்னை வழக்கே தொடக்கம்.

என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் முதலில் என்ன செய்வோம்? முனைகளை மூடிச் சுழிப்பிழை பார்ப்போம். அதைத் திருத்தாத அளவீட்டை யாரும் ஏற்பதில்லை. மதிப்பெண்ணும் ஓர் அளவீடுதான். அதில் மாணவனின் அறிவும் இருக்கிறது. அவன் படித்த பள்ளியும், வீட்டில் விளக்கம் சொல்ல ஆள் இருந்ததும், பயிற்சிக்குக் கட்டிய பணமும் இருக்கின்றன. ஆனால் இந்த உவமையை அளவுக்கு மேல் இழுக்கக்கூடாது. திருகு அளவியின் பிழை எல்லாக் கம்பிக்கும் ஒன்றே; மதிப்பெண்ணின் பிழை ஆளுக்கு ஆள் மாறும். ஒரு சாதிக்கு மொத்தமாக ஒரு திருத்தம் போடும்போது, அந்தச் சாதியில் வசதியுள்ளவனுக்கும் அது சேருகிறது. வெளியே நிற்கும் ஏழைக்குச் சேராமலும் போகிறது. கேட்டவனின் வருத்தம் அந்த இடத்தில் உண்மையானது.

தமிழ்நாடு இதை அறியாமல் இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்குள்ளேயே சில சாதிகள் பெரும்பங்கைப் பெற்றுவிடுகின்றன என்று சட்டநாதன் ஆணையம் 1970-இல் எடுத்துக்காட்டியது. 1987-இல் எங்கள் பக்கத்துச் சாலைகளையும் நிறுத்திய வன்னியர் போராட்டத்துக்குப் பின், 1989-இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் தனியே பிரிக்கப்பட்டது. 2007-இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உள்ஒதுக்கீடு வந்தது. 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவீதம். பல தலைமுறைகளாகச் செருப்புத் தைத்தும் துப்புரவு செய்தும் வந்த மக்களுக்கான இந்தப் பிரிவினை, 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தில் நிலைபெற்றது. ஆனால் வன்னியருக்கென 2021-இல் இயற்றிய 10.5 சதவீதச் சட்டம், போதிய புள்ளிவிவரம் இல்லையென்று 2022-இல் அதே நீதிமன்றத்தால் ரத்தாயிற்று. திருத்தம் செய்பவன் அளந்து காட்டவும் வேண்டும் என்பது இதன் பொருள். அறிவியல் படிப்பவருக்கு இது புதிதல்ல.

பள்ளியையே பார்த்துச் செய்த திருத்தமும் உண்டு. 1954-இல் முதலமைச்சரான காமராசர், சட்டமன்றத்துக்கு இடைத்தேர்தலில் நின்றது எங்கள் அண்டை ஊரான குடியாத்தத்தில். அவர் ஆட்சியின் பள்ளிகளும் மதிய உணவும் வாயிலுக்கு வரும் பாதையைச் செப்பனிட்டன. ஆயினும் நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர் விரல்விட்டு எண்ணும்படி ஆனார்கள். 2020-இல் அவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கும் சட்டம் வந்தது. முதலாண்டிலேயே மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலுமாக நானூறு பேர் அளவில் உள்ளே வந்தனர். இவர்கள் நீட் எழுதித் தேறியவர்களே. இவர்களிலும் அந்தந்த வகுப்பு ஒதுக்கீடு உண்டு.

இவையெல்லாம் சொன்னபின் என் மாணவன், "அப்போ வேலைக்கு, சார்?" என்றான். அதற்குத்தான் எனக்குத் தயக்கம் வந்தது. அரசு வேலையில் 69 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் பேரணாம்பட்டிலிருந்து வாணியம்பாடி வரை இந்தப் பகுதியில் பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலுந்தான். அவை தனியார் நிறுவனங்கள். 1921-இலிருந்து வந்த எந்த ஆணையும் அவற்றின் வாசற்படியைத் தாண்டவில்லை. சூப்பர்வைசராக யார், தையல் மேசையில் யார் என்பதற்கு அங்கே பட்டியல் கிடையாது. தலை நிமிராமல் அளந்துகொண்டிருந்த மற்றவன் அப்போதுதான் நிமிர்ந்து, "எங்கம்மா பதினேழு வருஷமா தையல் மேசையிலதான் சார்" என்றான்.